ஊர்வலத்தைத் தவறவிட்ட ஆறு சைக்கிள்கள்

பதினெட்டு நாட்களுக்கு முன்னால் ஒரு சவ ஊர்வலத்தைத் தவறவிட்டோம். அதன் பின்னால் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தபோதே தவறவிட்டோம்!

அதெப்படி என்று கேட்பீர்கள். எங்கள் புதுக்கோட்டைச் சைக்கிள் கிளப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் சொந்தச் சைக்கிள் உண்டு — எங்களுக்குள் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். பங்க்சர் கடை ராவுத்தர், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், வல்லத்திராக்கோட்டை கருப்பையா அண்ணன், அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற நான், இன்னும் மூன்று பேர். டிராயிங் மாஸ்டர்தான் செயலாளர். விசில் அவரிடம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு ஏதாவது ஓர் ஊர் வரைக்கும் போவோம். ஒரு வாரம் அரிமளம், ஒரு வாரம் கீரனூர். வழியில் நல்ல நிழலாகப் பார்த்து இறங்குவோம். கருப்பையா அண்ணன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். கேரியரில் கட்டிக்கொண்டு வந்த பாத்திரத்தை இறக்கி, மூன்று கல்லைக் கூட்டி, அரை மணியில் சாம்பார் சாதம் இறக்கிவிடுவார். சாப்பிடுவோம். திரும்புவோம். கிளப்பின் லட்சியம் இதோடு முடிந்தது.

வேகமாகப் போவது எங்களுக்குள் கௌரவக் குறைச்சல். சண்டைக்காலம் அல்லவா? புது டயரைக் கண்ணால் பார்த்து எத்தனையோ நாளாகிறது. “வேகமாப் போனா டயரு தேயும். மெதுவாப் போனா என்ன தேயும்?” என்பார் ராவுத்தர். பங்க்சர் கடைக்காரரே சொல்லும்போது எதிர்த்துப் பேச முடியுமா?

போட்டி வைத்ததும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு முறை, மாட்டுப் பொங்கலன்று, மெதுவாக ஓட்டும் போட்டி. ஐம்பது கஜம். கடைசியில் வந்து சேருகிறவருக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். பரிசு ஒரு பித்தளைக் கூஜா. ஜெயித்தவர் பெயரை அதில் வெட்டி, ஒரு வருஷம் அவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாலு வருஷமும் கருப்பையா அண்ணன் பெயர்தான் வெட்டப்பட்டது. இரண்டு ஆள் கனம் அவர். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் பஞ்சு மாதிரி. வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்தாவது பெயர் என்னுடையது.

நம் பத்திரிகையில், போன பொங்கலுக்கு அடுத்த இதழில் நீங்கள் படித்திருப்பீர்கள். ‘ஒரு முறையும் கால் ஊன்றாமல் வெற்றி’ என்று செய்தி வந்ததே, அதை எழுத்து எழுத்தாகக் கோத்தவன் நான்தான். அது பொய்.

கடைசியில் களத்தில் நின்றது நானும் அண்ணனும் மட்டும். பத்துக் கஜம் பாக்கி. எனக்கு வலது பக்கம் அவர். இடது பக்கம் விசிலோடு மாஸ்டர். என் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. வலது கால் பெருவிரல் தரையைத் தொட்டது. தொட்டதா, தடவியதா... என்னமோ, பட்டுவிட்டது. உடனே எடுத்துவிட்டேன்.

மாஸ்டர் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பிரேக்கிலிருந்து கையை எடுத்தார். விடுவிடுவென்று கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். மாஸ்டர் விசில் ஊதினார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்ததும் அவர்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பத்தியில் வாராவாரம் வளவளக்கிறவனை நேரில் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எனக்கு எழுத்து வரும், பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்ற பயம்தான் பாதிக் காரணம். மூன்று பேர் சேர்ந்து நின்றால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

கூஜாவை என் மனைவி கூடத்து அலமாரியில் வைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதில்தான் தண்ணீர். “இவரு ஜெயிச்சதாக்கும்!” என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள். எனக்கு மட்டும் அந்தத் தண்ணீர் இறங்காது. அடுக்களைப் பானையில் மொண்டு குடிப்பேன்.

இந்த ஞாயிறு அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். சந்தர்ப்பமும் தானாக வரும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவர் தன் இலையோடு என் பக்கத்தில்தான் வந்து உட்காருவார். முகத்தை என் பக்கம் திருப்புவார்.

“அப்புறம் தம்பி? ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு?”

நான் சோற்றைப் பிசைவேன்.

“ஒண்ணுமில்லண்ணே... உப்பு கொஞ்சம் கம்மியோன்னு...”

ஏழு மாதம் இப்படியே போயிற்று.

பிறகு ஒரு புதன்கிழமை. கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் அச்சாபீஸ் வாசலில் நின்று சேதி சொன்னார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த கருப்பையா அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் எடுக்கிறார்கள்.

கையில் எடுத்த எழுத்து கையிலேயே இருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? துக்கம் அப்புறம்தான் வந்தது. ‘இனி யாரிடம் சொல்வேன்’ என்பதுதான் முதலில் வந்தது.

மறுநாள் காலையில் ஆறு பேரும் சைக்கிளில் புறப்பட்டோம். என் ஹேண்டில்பாரில் கூஜா தொங்கியது. ராவுத்தர் பார்த்துவிட்டார்.

“என்னய்யா கம்பாசிட்டரு, எழவு வீட்டுக்குக் கூஜாவோட வர்றே?”

“தண்ணி...” என்றேன்.

“ஆட்டிப் பாத்தேன், காலியாவுல்ல இருக்கு?”

நான் பெடலை மிதித்தேன். என் கணக்கு இதுதான்: கூஜாவை அண்ணன் காலடியில் வைத்து, காதோரம் குனிந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செத்தவருக்குக் கேட்குமா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருப்பவரிடம் சொல்ல வாய் வராதவனுக்கு வேறு என்ன வழி?

வீட்டில் நடக்கவில்லை. அவரைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் நான் எப்படிப் போவேன்? கூஜாவைத் துண்டில் மறைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். சரி, சுடுகாட்டில் வாய்க்கரிசி போடும்போது ஆளாளுக்குக் குனிவார்கள். அப்போது சொல்லிவிடலாம். நெருப்பு வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பாடை புறப்படுகிற நேரத்தில் அண்ணன் மனைவி எங்களிடம் வந்தார். எங்களுக்கெல்லாம் மதனி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“நீங்க ஆறு பேரும் நடந்து போகப்படாது. அவரு அப்பவே சொல்லி வச்சிருக்காரு. கிளப் ஆளுக சைக்கிள்லதான் பின்னாடி வரணுமாம்.”

மதனி சொன்ன பிறகு மறுக்க முடியுமா? ஏறினோம்.

முன்னால் கொட்டு. அதற்குப் பின்னால் பாடை. அப்புறம் ஊர் ஜனம். கடைசியில் ஆறு சைக்கிள், வரிசையாக. பாடைக்கு முன்னே போய்விடக் கூடாது என்று மாஸ்டர் கண்ணால் ஜாடை காட்டினார். எல்லோரும் பிரேக்கைப் பிடித்தோம்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மெதுவாகப் போகிற சைக்கிளில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் இன்னொருவர் அதைவிட மெதுவாகப் போனால் மனசு கேட்குமா? ராவுத்தர் என்னைவிட ஒரு சாண் பின்னால் இருந்தார். நான் இன்னும் கொஞ்சம் பிரேக்கைப் பிடித்தேன். மாஸ்டர் ஹேண்டில்பாரை இங்கிட்டும் அங்கிட்டும் ஒடித்து நிற்கவே ஆரம்பித்துவிட்டார். யாரும் ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாக யாருக்கும் போட்டி போடுகிற எண்ணம் இல்லை. ஐந்து வருஷப் பழக்கம், கையும் காலும் தானாகச் செய்தன. முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கொட்டுச் சத்தம் காதில் விழுந்தது... அப்புறம் மெல்ல விழுந்தது... அப்புறம் விழவில்லை.

“ஏய்யா!”

கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“பொணம் போயி எம்புட்டு நேரமாச்சு! நடு ரோட்டுல என்னங்கய்யா ஆடிக்கிட்டு நிக்கிறீங்க?”

நிமிர்ந்து பார்த்தோம். பாதையில் ஒரு மனிதரைக் காணோம். நாங்களும் அந்த அம்மாவும் ஆடுகளும்தான்.

போச்சு. வாய்க்கரிசி போட்டிருப்பார்கள். நெருப்பும் வைத்திருப்பார்களோ? இரண்டு காலையும் தரையில் ஊன்றினேன்.

“நான் கால் ஊனிட்டேன்!” என்று கத்தினேன். என் தொண்டைக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“சரிய்யா, இப்ப எல்லாருந்தான் ஊனியிருக்கோம்” என்றார் மாஸ்டர்.

“இப்ப இல்ல மாஸ்டர். பொங்கலுக்கு. போட்டியில. நீங்க பாக்கல. அண்ணன் பாத்தாரு. அவருகிட்ட நான் சொல்லணும். நெருப்பு வைக்கிறதுக்குள்ள சொல்லணும். இந்தக் கூஜா எனக்கு வேணாம்...”

ராவுத்தர் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார்!

“யோவ், எங்க எல்லாருக்குந்தான் தெரியுமே! அன்னைக்குச் சாயங்காலமே அவரு சொல்லிட்டாரு.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்குந்தான். ‘யாரும் கேக்கப்படாது, அது வாயால அது சொல்லட்டும். அந்தத் தம்பி பேசணும், அதுக்கு இது ஒண்ணுதான் வழி’னு சத்தியம் வாங்கிட்டாரு. வாராவாரம் இன்னைக்குச் சொல்லிருவே, இன்னைக்குச் சொல்லிருவேன்னு நாங்க காத்துக்கிட்டுக் கெடந்தா, நீ என்ன சொன்னே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உப்பு கம்மினு சொன்னேய்யா! அவரு அடுத்த வாரம் ஒரு பிடி கூடப் போடுவாரு. நீ மறுபடியும் கம்மினுவே. ஏழு மாசமா உப்பங்கழியில ஊறப் போட்ட மாதிரில்ல சோறு தின்னோம்! எங்க வீட்டுக்காரி கேக்குறா, ஞாயித்துக்கெழமை ராத்திரியானா ஏன் இப்படிக் குடங்குடமாத் தண்ணி குடிக்கிறீங்கன்னு!”

மாஸ்டர் விசிலை எடுத்து ஓங்கி ஊதினார்.

“சிரிச்சது போதும். அங்க நெருப்பு வைக்கப் போறாங்க. மிதிங்கய்யா!”

கிளப் ஆரம்பித்து ஐந்து வருஷத்தில் முதல் முறையாக நாங்கள் வேகமாகப் போனோம். என்ன வேகம்! கூஜா ஹேண்டில்பாரில் மோதி மோதிக் கோயில் மணி மாதிரி அடித்தது. ஆடுகள் சிதறி ஓடின. அந்த அம்மா எங்களை என்னவோ திட்டினாள். ராவுத்தர் டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோருக்கும் முன்னால் போனவர் அவர்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரட்டி அடுக்கி முடித்திருந்தார்கள். முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அண்ணனுடைய மைத்துனர் எங்களைப் பார்த்து முறைத்தார்.

“சைக்கிள்ல வந்த ஆளுக நடந்து வந்த ஆளுகளுக்குப் பின்னாடியா வருவீங்க? வாய்க்கரிசி போடுறவங்க சட்டுனு வாங்க.”

ராவுத்தர் என்னை முன்னால் தள்ளினார். அரிசியைப் போட்டேன். குனிந்தேன். அண்ணன் முகத்தில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. கோபித்துக்கொண்ட முகமாகத் தெரியவில்லை.

“அண்ணே... நான் கால் ஊனிட்டேண்ணே” என்றேன், காதோரம்.

“சத்தமாச் சொல்லுய்யா!” என்றார் பின்னாலிருந்து ராவுத்தர். குரல் உடைந்திருந்தது, சிரிப்பும் இருந்தது. “ஏழு மாசமாக் காத்திருந்த மனுசன். நல்லாக் கேக்கட்டும்.”

“நான் கால் ஊனிட்டேண்ணே!”

சுடுகாட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. இத்தனை முகம் ஒன்றாகத் திரும்பினால் மற்ற நாளாயிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். அன்றைக்கு விழவில்லை. எங்கள் ஆறு பேர் கண்ணிலும் தண்ணீர். ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். “இதுகளுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?” என்று மைத்துனர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

கூஜாவை அன்றைக்குக் கொடுக்க முடியவில்லை. சாவு வீட்டில் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஆகவே போன வாரம் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆறு பேரும் போனபோது எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாடு எல்லாம் முடிந்து பந்தல் காலியான பிறகு மதனி முன்னால் வைத்தேன்.

“இது அண்ணனுக்குச் சேர வேண்டியது மதனி. என் பேரை அழிச்சிட்டு அவரு பேரை வெட்டச் சொல்லியிருக்கேன்.”

மதனி கூஜாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பழைய கடன்காரனைப் பார்க்கிற பார்வை.

“தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை எடுத்துட்டுப் போயிருங்க.”

“ஏன் மதனி?”

“நாலு வருசம் இதைப் புளி போட்டுத் தேச்சவ நானு. கல்யாண வீட்டுப் பாத்திரம் தேச்சே கை போச்சு. இதுல, ஊர்க்காரங்க பாக்க வருவாங்க, பளபளன்னு இருக்கணும்னு இது வேற தினத்துக்கும். போன பொங்கலுக்கு மொத நாளே சொல்லிட்டேன், இந்த வருசமும் அந்தக் கூஜாவைத் தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னா அதையும் கெணத்துல போட்ருவேன், சைக்கிளையும் போட்ருவேன்னு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பழக்கம் காரணமில்லை, நிஜமாகவே வரவில்லை. ஏழு மாதம் சோறு இறங்காமல், தண்ணீர் இறங்காமல் நான் மருகியது எதற்காக? தோற்பதற்கு வழி தேடிக்கொண்டு வந்தவருக்கு வழி விட்டதற்காகவா?

“அப்ப, நான் கால் ஊனாட்டியும் அண்ணன்...”

“முந்திக்கிட்டுத்தான் போயிருப்பாரு!” மதனி சிரித்தார். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு கண்ணையும் அதிலேயே துடைத்தார். “ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணு சொன்னாரு தம்பி. ‘ஏமாத்துறவன் காலை ஊனுனா விசிலு வச்சிருக்கவனைத்தான் பாப்பான். இந்தத் தம்பி என் மூஞ்சியப் பாத்துச்சுடி. பார்வையிலயே சொல்லிருச்சு. வாயாலயும் சொல்லிட்டா அதுக்கு மனசு லேசாப் போகும், அதுக்குத்தான் காத்திருக்கேன்’னாரு.”

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கூஜாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மனசில் ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவியை இறுக்கிப் பிடித்திருக்கிற எத்தனையோ பேர் இதைப் படிப்பீர்கள். கொஞ்சம் வெளியே எட்டிப் பாருங்கள். கதவு எப்போதோ திறந்து, ஊரே உள்ளே வந்து உட்கார்ந்து, நீங்கள் எப்போது பேசுவீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கப் போகிறது!

திரும்பும்போது மாஸ்டர் பக்கத்திலேயே வந்தார். “என்னய்யா, பேசாம வர்றே?” என்றார்.

கேட்டாரே, பாவம்! நான் ஆரம்பித்தேன். போட்டியில் வண்டி எந்த இடத்தில் ஆடியது, எந்த விரல் பட்டது, பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்குப் பயந்து நின்றேன், முதலில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது எந்த முள்ளுவேலியில் விழுந்தேன், அச்சாபீசில் ‘ழ’ எழுத்து ஏன் சீக்கிரம் தேய்கிறது... ராவுத்தர் இரண்டு தடவை பெல் அடித்தார். நான் நிறுத்தவில்லை. எங்கள் கிளப் வேகத்தில் வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

அன்றைக்கு முக்கால் மணியில் வந்து சேர்ந்துவிட்டார்கள்.